மைனஸ் மூணு

மைனஸ் மூணு. மூணு என்றால் மூணுதான், அதில் கண் தவற வழியே இல்லை. சன்னாசியின் கண் போன வருஷம் புரை எடுத்த கண், அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி, பின்னால் எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையின் சடையை இழுக்கிறது என்று கண்ணாடியிலேயே பார்த்துப் பழகிய கண். காலையில் சகாயத்தின் கைத்தொலைபேசிக் கடையில், கம்ப்யூட்டர் திரையில் பாட்டுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே ஓர் எண். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். சகாயத்தின் மச்சான் அந்தோணிமுத்து பாடப்போகிற பாட்டுக்கும் பூஜ்யம். சன்னாசி பாடப்போகிற பாட்டுக்கு மட்டும் முன்னால் ஒரு சின்னக் கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் மூணு. கோடு போட்டால் இறக்கம் என்று கரோக்கே பாடுகிறவனுக்குத் தெரியாதா? பாட்டை அதன் சொந்தச் சுருதியிலிருந்து மூணு படி கீழே இறக்கி வைத்திருக்கிறான் சகாயம். அவர் பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான். உடனே ஒரு விரலால் தட்டித் திரையை மாற்றி, "பசியாறிட்டீங்களாண்ணே" என்று கேட்டான். பசியாறிட்டீங்களாவாம். முப்பது வருஷமாக அவர் காலை ஏழு மணிக்குப் பசியாறுகிறவர் என்று தெரிந்தவன், பத்து மணிக்குக் கேட்கிறான். அந்தக் கேள்வியை எதை மூடுவதற்காக எடுத்துப் போர்த்தினான்?

இப்போது மணி மூன்று இருபது. தைப்பிங் சீனர் சங்க மண்டபத்தில், மேடைக்கு இடது பக்கம் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டு, பாடப்போகிறவர்களை எண்படி உட்கார வைத்திருந்தார்கள். சன்னாசியின் சட்டைப் பையில் பதினாலு என்று குத்தியிருந்தது. மேடையில் பதினோராம் எண், கொழும்பிலிருந்து வந்த அம்மா, நல்ல சாரீரம், ஆனால் மூச்சைக் கண்ட இடத்தில் எடுக்கிறார், சொல்லுக்கு நடுவில் எடுக்கிறார், அது வெளியே கேட்கிறது. சிங்கப்பூர், மேடான், லண்டன் என்று எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். பன்னாட்டுக் கரோக்கே போட்டி என்று துணியில் எழுதி மேடைக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள், கட்டிய கயிறு ஒரு பக்கம் தொய்ந்து 'பன்னாட்டு' கொஞ்சம் சரிந்திருந்தது. மூத்தோர் பிரிவில் ஒரே ஒருவருக்குத்தான் இறுதிச் சுற்றுக்கு ஒசாகா போகிற வாய்ப்பு. ஒரே ஒருவர். பதினாலு சன்னாசி, பதினாறு அந்தோணிமுத்து. இடையில் ஒரே ஓர் ஆள். இதைவிட ஒருத்தனுக்குக் காரணம் வேண்டுமா? அதோடு, பாட்டை ஒரிஜினல் கட்டையிலேயே, அதாவது அதன் சொந்தச் சுருதியிலேயே பாடினால் பத்து மார்க் தனியாக உண்டு என்று விதி. பாரத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. பாரத்தை நிரப்பிக் கொடுத்ததும் சகாயம்தான், சன்னாசிக்கு அந்தச் சின்ன எழுத்தெல்லாம் ஆகாது. நகலை மனைவி மரகதம் கைப்பையில் வைத்திருந்தாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்கிப் பார்த்தால், அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. கையெழுத்து இருக்கிறது, அடையாள அட்டை எண் இருக்கிறது, இந்த ஒரு கட்டத்தில் மட்டும் டிக் இல்லை. மறதியா? பேனா அங்கே மட்டும் மறந்துபோகுமா? போட்டி மேசைக்குப் போய்த் தன் கையாலேயே டிக் போட்டுவிட்டு வந்தார்.

கட்டை விஷயத்தில் சன்னாசியோடு யாரும் விளையாட மாட்டார்கள், அது ஊருக்கே தெரியும். பாட்டு எந்தச் சுருதியில் பிறந்ததோ அந்தச் சுருதியில் பாடுகிறவன்தான் பாடகன், மற்றவன் குளியலறையில் பாடலாம். இதை அவர் மனசுக்குள் வைத்துக்கொண்டதில்லை, வாய்விட்டே சொல்லுவார். பாடுகிறவர்கள் கூடுகிற ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சுருதியை இறக்கிப் பாடியபோது, பாடி முடிக்கும்வரை காத்திருந்து, வாத்தியாரே, பாட்டைக் கிணத்துக்குள்ள இறக்கிட்டீங்களே, மேல எப்ப எடுப்பீங்க என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அன்றைக்குச் சகாயம் மட்டும் சிரிக்கவில்லை, ஒயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தான், சுருட்டிய ஒயரை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினான். ஏன் சிரிக்கவில்லை? அப்போதே ஏதோ வைத்திருந்தானோ மனசில்? யோசித்துப் பார்த்தால் அவன் சிரிக்காத இடங்கள் நிறைய. இசைக்குழு நடத்திய காலத்தில் சன்னாசி பாட்டு, அவன் கீபோர்டு. கைதட்டல் எல்லாம் பாடுகிறவனுக்குத்தான் வரும், கீபோர்டுக்காரன் குனிந்த தலை நிமிராமல் வாசித்துக்கொண்டிருப்பான். முப்பது வருஷம் குனிந்திருந்த தலைக்குள் என்ன ஓடியிருக்கும் என்று இவர் ஒரு நாளாவது கேட்டதுண்டா? கேட்டதில்லை. கேட்காமல் விட்டதுதான் தப்பு.

பதினோராம் எண் முடிந்து கைதட்டினார்கள். சன்னாசியும் தட்டினார், எவ்வளவு நேரம் தட்டுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே தட்டினார். தொண்டைக்குள் ஒரு நூல் கிடப்பது போல இருந்தது. விழுங்கினால் போகவில்லை, கனைத்தால் அசைந்து கொடுத்து, திரும்ப வந்து அதே இடத்தில் படுத்துக்கொண்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல் விட்டுப்போன நூல். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி, மூக்கில் குழாய். வெளியே வந்தபோது குரல் என்ற ஒன்றே இல்லை, மரகதத்தைக் கூப்பிடக் கரண்டியால் டம்ளரைத் தட்ட வேண்டியிருந்தது. பாட்டு அவ்வளவுதான் என்று ஊர் பேசியது. ஆனால் மூணே மாசத்தில் வந்துவிட்டதே. சகாயம்தான் வீட்டுக்கே மைக்கும் பெட்டியும் தூக்கிவந்து, முதலில் சின்னப் பாட்டாகப் போட்டு, அப்புறம் பெரிய பாட்டாகப் போட்டு, கடைசியில் இன்றைக்குப் பாடப்போகிற அந்தப் பாட்டையே போட்டான், சரணத்தின் கடைசி அடியில் குரல் மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறி உச்சியில் ஒரு நொடி நிற்க வேண்டிய பாட்டு. ஏறியது. நின்றது. அப்படியே இருக்குண்ணே, ஒண்ணும் போகல என்றான். மரகதம் அடுப்படிக்குள் போய் மூக்கைச் சிந்தினாள். நல்லது செய்தவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. நல்லது செய்தவனும் மாறுகிறான், அதற்கு ஒரு மச்சான் போதும்.

ஒன்றை நினைத்தால் இன்னொன்று தானாக வந்து பக்கத்தில் உட்காருகிறது. போன வைகாசியில் ஒரு கல்யாண வரவேற்பு, வாடகைக்கு எடுத்த கரோக்கே பெட்டி, யாரோ ஒருவன் இயக்கிக்கொண்டிருந்தான். சன்னாசி மைக்கைக் கையில் வாங்கினாரோ இல்லையோ, பந்தியில் உட்கார்ந்திருந்த சகாயம் பாதிச் சோற்றில் எழுந்து, எச்சில் கையோடு அத்தனை பேர் நடுவில் ஓடிவந்து, அந்த ஆளை நகரச் சொல்லிவிட்டுப் பெட்டிக்கு முன்னால் தானே நின்றான். அண்ணன் பாட்டை நான்தான் போடுவேன் என்றான். அன்றைக்குப் பாசம் என்று நினைத்தார். இன்றைக்குக் கேட்கத் தோன்றுகிறது, எதற்கு ஓடினான்? பெட்டிக்குள் என்ன இருந்தது? மரகதமும் அப்படித்தான். பேரன் வாங்கித் தந்த கைத்தொலைபேசியில் பாடிப் பார்க்கலாமே என்றால், அதெல்லாம் வேண்டாங்க, சகாயம் அண்ணன் போட்டுக் குடுக்கிறதுல பாடுங்க, அதுதான் உங்களுக்கு ஒத்துவருது என்று தொலைபேசியை வாங்கி வைத்துவிடுவாள். ஒத்துவருதாம். அவளுக்குச் சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது, ஒத்துவருவது மட்டும் எப்படித் தெரியும்? சகாயம் சொல்லிக் கொடுத்திருக்கிறான். ரேடியோவும் இப்போதெல்லாம் சரியில்லை. பழைய பாட்டுகளை எல்லாம் ஏற்றிப் போடுகிறார்கள், கூடவே முணுமுணுத்தால் எட்டவில்லை. விளம்பரத்துக்கு நேரம் மிச்சம் பிடிக்க, பாட்டை வேகமாக ஓட்டுகிறார்கள், வேகமாக ஓட்டினால் சுருதி ஏறத்தானே செய்யும். இதை அவரே கண்டுபிடித்து ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் விளக்கமாகச் சொன்னார். எல்லாரும் ஆமா ஆமா என்றார்கள். ஆமா சொன்ன வேகம் இப்போது நினைத்தால் கொஞ்சம் கூடுதலாகப் படுகிறது.

மேடையில் பன்னிரண்டாம் எண் ஏறி, பாடி, இறங்கியும் விட்டார். வெளியே மழை பிடித்துக்கொண்டது, தைப்பிங் மழை, தகரக் கூரையில் ஒரே சுருதியாக நின்று பெய்தது. அதற்கு மேல் பாடுவதற்கு ஒலிபெருக்கியைக் கூட்டினார்கள். ஒலி மேசையில் லிம் உட்கார்ந்திருந்தார், ஐம்பது வயசுச் சீனர், அப்பா ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர், தமிழ் தண்ணீராக வரும். அவருக்குப் பக்கத்தில் சகாயம் நின்றுகொண்டு காதோடு காதாக என்னமோ சொல்கிறான். லிம் தலையாட்டுகிறார். சகாயம் திரும்பிச் சன்னாசி பார்க்கிறாரா என்று பார்க்கிறான், பார்க்கிறார் என்று தெரிந்ததும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு இங்கே வருகிறான். நடையைப் பார்த்தாலே தெரிகிறது, உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே கையை வீசி நடக்கிற நடை. சுடுதண்ணிதாண்ணே, வெதுவெதுப்பா இருக்கு, மெதுவாக் குடிங்க என்று நீட்டினான். சன்னாசி வாங்கினார், மூடியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. முப்பது வருஷத்துக்கு ஒரு வாய்ப்பு.

"சகாயம், டிராக் எந்தக் கட்டைடா?"

"எப்பவும் பாடுறீங்கல்ல, அதே கட்டைதாண்ணே."

"எதையும் மாத்தலையே?"

"போன ஞாயித்துக்கிழமை என்ன பாடினீங்களோ அதுதான். உங்க தொண்டைக்குன்னே தச்ச சட்டை மாதிரிண்ணே, கண்ணை மூடிக்கிட்டுப் பாடுங்க."

பொய். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். சட்டைப் பையில் குத்தியிருந்த பதினாலைப் பார்த்துச் சொன்னான், அது கோணலாக இருக்கிறது என்று நிமிர்த்திவிட்டுப் போனான். பொய் சொல்கிறவனுக்குக் கைக்கு வேலை வேண்டும். மூணு படி இறக்கி வைத்த பாட்டைப் போடுவான், குரல் கீழே போய்த் தரையில் கிடக்கும், கிழவன் இழுக்கிற மாதிரி இருக்கும், நடுவர் நாலு பேரும் முகத்தைச் சுளிப்பார்கள், பத்து மார்க்கும் போகும். ஒருத்தர் தள்ளி மச்சான் ஏறுவான், பூஜ்யத்தில் பாடுவான், ஒசாகா போவான். எவ்வளவு சுத்தமான வேலை. கத்தி இல்லை, ரத்தம் இல்லை, ஒரு சின்னக் கோடு. சன்னாசி போத்தல் மூடியை இன்னும் இறுக்கித் திருகினார். கோபம் என்றுதான் நினைத்தார். கோபத்துக்கு அடியில், ஈரத்தரை மாதிரி ஜில்லென்று வேறொன்று இருந்தது. அதை மிதிக்காமல் தாண்டிப் போனார்.

பதின்மூன்றாம் எண் பாடத் தொடங்கியதும் எழுந்தார். மூன்றாம் வரிசையில் மரகதம் என்ன என்பது போலப் பார்த்தாள், அவர் பார்க்காதது போல ஒலி மேசைக்குப் போனார். சகாயம் அந்தோணிமுத்துவின் பக்கத்தில் குனிந்து எதையோ பேசிக்கொண்டிருந்தான், முதுகு இந்தப் பக்கம். நல்ல நேரம். லிம்மிடம் குனிந்து, என் பாட்டு உங்க மிசின்ல இருக்கா என்று கேட்டார். இருக்கு, ஆனா நீங்கதான் பெண்டிரைவ் குடுத்திருக்கீங்களே என்றார் லிம். அது வேணாம், மிசின்ல இருக்கிற ஒரிஜினலைப் போடுங்க என்றார் சன்னாசி. லிம் உதட்டைக் கடித்துக்கொண்டு, அந்த அண்ணன் சொன்னாரு, அவரு குடுத்ததைத் தவிர எதையும் போடாதீங்கன்னு, ரெண்டு தடவை சொன்னாரு என்றார். ரெண்டு தடவை. கேட்டுக்கொள்ளுங்கள். பாடுறது நானா அவனா லிம் என்றார் சன்னாசி, சத்தம் போடவில்லை, பஸ்ஸில் பின்வரிசைப் பிள்ளைகளை அடக்கும் குரலில் சொன்னார். லிம் தோளைக் குலுக்கிக்கொண்டு, பெண்டிரைவை உருவி அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். கட்டை விரல் அளவு இருந்தது. முப்பது வருஷத்துச் சிநேகிதம் இவ்வளவு லேசானதா என்று நினைத்துக்கொண்டே கால்சட்டைப் பையில் போட்டார். ஜெயித்தாயிற்று. பாடுவதற்கு முன்னாலேயே பாதி ஜெயித்தாயிற்று.

பதினாலு என்று கூப்பிட்டார்கள், பேரைச் சொன்னார்கள், தைப்பிங் என்றதும் உள்ளூர்க் கைதட்டல் கூரை மழையை ஒரு கணம் அமுக்கியது. படி மூணு, ஏறினார். விளக்கு முகத்தில் அடித்தது, கூட்டம் கறுப்பாகிவிட்டது, முன்வரிசை நடுவர்களும் பக்கத்து ஒலி மேசையும் மட்டும் தெரிந்தன. மேடை விளிம்பில் வரிகளைக் காட்டும் திரை. இசை தொடங்கியது. தொடங்கிய அந்த முதல் வயலினிலேயே சன்னாசியின் காது விடைத்தது. இது அது இல்லை. மேலே இருக்கிறது. பாட்டு எங்கேயோ மேலே நிற்கிறது. லிம்மும் சேர்ந்துவிட்டானா? இவனும் மச்சான் கட்சியா? அவன் இறக்கினான், இவன் ஏற்றுகிறானா? எல்லாருமா? திரையைப் பார்த்தார். வலது மூலையில் எண் இருந்தது. ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, பூஜ்யம். இதுதான் பூஜ்யம். பாட்டு பிறந்த இடம் இதுதான். அப்படியென்றால் போன ஞாயிற்றுக்கிழமை பாடியது எது, அதற்கு முந்தின ஞாயிறு பாடியது எது, காய்ச்சலுக்குப் பிறகு மூணு மாசத்தில் திரும்பி வந்த குரல் எங்கே திரும்பி வந்தது? ரேடியோக்காரன் எதையும் ஏற்றவில்லை. அவன் பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தான். வாய் தானாகத் திறந்து பல்லவியைப் பிடித்துக்கொண்டது, பழக்கம் பாடியது, பல்லவி தாழ்ந்த இடம், கழுத்து நரம்பை இழுத்துப் பிடித்தால் எட்டுகிறது, எட்டுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே நுனியில் பிசிறுகிறது. நடுவர் ஒருவர் தலையைச் சாய்த்தார். சகாயம் முதலில் ஒரு படி இறக்கினான், நான் கண்டுபிடிக்கவில்லை. அப்புறம் இன்னொரு படி. அப்புறம் இன்னொன்று. எனக்குத் தெரியாமல், எனக்கு நோகாமல், ஒவ்வொரு ஞாயிறும். பந்தியிலிருந்து எச்சில் கையோடு ஓடிவந்தது அதற்குத்தான். சொல்லியிருக்கலாமே பாவி. சொல்லியிருந்தால்? வாத்தியாரிடம் சொன்ன கிணற்றை அவனும் கேட்டுக்கொண்டுதானே ஒயரைச் சுருட்டினான். அன்றைக்கே நான் பாடிக்கொண்டிருந்ததும் அதே கிணற்றுக்குள்ளிருந்துதான், சுற்றி நின்றவர்கள் அதற்கும் சேர்த்துச் சிரித்திருக்கிறார்கள், அல்லது சிரிக்காமல் இருந்திருக்கிறார்கள், இதில் எது மோசம் என்று தெரியவில்லை.

பல்லவி முடிந்து இடையிசை வந்தது. புல்லாங்குழல், அப்புறம் தபேலா, இருபத்தைந்து நொடி. அது முடிந்தால் சரணம், சரணத்தின் கடைசியில் மாடிப்படி. இந்த உயரத்திலிருந்து அந்தப் படி ஏறினால் குரல் உடையும், உடைவது ஒரு சத்தமாகக் கேட்கும், லண்டன்காரன்வரை கேட்கும். ஒலி மேசையில் யாரோ மோதிய சத்தம் வந்தது. சகாயம். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்திருக்கிறான். லிம்மின் தோளுக்கு மேல் கையை நீட்டி, சுருதி இறக்குகிற பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு, அழுத்தாமல், சன்னாசியையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். இதுநாள்வரை கேட்காமல் இறக்கியவன் இப்போது கேட்கிறான். புருவத்தைத் தூக்கிக் கேட்கிறான். இங்கே இறக்கினால் மறைக்க முடியாது, பாட்டு நடுவில் தடுக்கி இறங்குவதைக் குழந்தையும் கண்டுபிடிக்கும். பத்து மார்க் போகும். ஒசாகா போகும். சன்னாசி சுருதி இறக்கிப் பாடினான் என்பது ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் பேச்சாகும், வாத்தியார் வீடுவரை போகும். இறக்காவிட்டால் உடையும், உடைந்தாலும் ஒரிஜினல் கட்டையில் உடைந்தான் என்று சொல்லிக்கொள்ளலாம், அதிலும் ஒரு கௌரவம் இருக்கிறது. இருக்கிறதா? தபேலா வந்துவிட்டது. மைக்கை இடது கைக்கு மாற்றினார். வலது கையைத் தொடையோடு ஒட்டி மூணு விரலைக் காட்டினார், யாருக்கும் தெரியாமல். சகாயம் எட்டிப் பார்த்தான், தெரியவில்லை, காலடியில் இருந்த ஸ்பீக்கர் மறைத்தது. என்ன என்று கழுத்தை நீட்டினான். இன்னும் எட்டு நொடி இருக்கும். கையை மேலே தூக்கினார், தலைக்கு மேலே, விளக்கு வெளிச்சத்தில், நடுவர் நாலு பேரும் பார்க்க, கொழும்பும் சிங்கப்பூரும் பார்க்க, மூணு விரல்.

இசை இறங்கியது. ஒரு படி, ஒரு படி, இன்னொரு படி, மண்டபம் முழுக்கக் கேட்டது. யாரோ முதல் வரிசையில் அட என்றார்கள். நடுவர் ஒருவர் பேனாவை எடுத்துத் தாளில் எதையோ அடித்தார், என்னத்தை அடித்தார் என்று சன்னாசிக்குத் தெரியும். மூன்றாம் வரிசை இருட்டில் மரகதத்தைத் தேடினார். எல்லாத் தலையும் பக்கத்துத் தலையிடம் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தது, ஒரு தலை மட்டும் யாரிடமும் எதுவும் கேட்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கும் தெரியும். சரி. சரணம் வந்தது, எடுத்தார், தொண்டையில் கிடந்த நூல் அசைந்து வழிவிட்டது. முதல் அடி, அடுத்த அடி. கடைசி அடியில் குரல் ஏறியது, ஒவ்வொரு படியாக, தனக்கு எட்டுகிற உயரத்துக்கு, அங்கே போய் நின்றது, நடுங்கிக்கொண்டுதான் நின்றது, ஆனால் நின்றது. ஒலி மேசையில் சகாயம் இன்னும் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை, வேர்த்துப்போய், மூச்சை அடக்கிக்கொண்டு, எந்நேரமும் இன்னொரு படி இறக்கத் தயாராக நின்றான். சன்னாசி அவனைப் பார்த்து, போதும், கையை எடு என்று கண்ணைக் காட்டிவிட்டு, திரும்பவும் பல்லவிக்கு மூச்சை இழுத்தார்.